காற்றும் கடிகாரமும்

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில், ஏறத்தாழப் பாதி வழியில் இருக்கிறது கிணத்துக்கடவு. ஊரின் நடுவே சிறு குன்று ஒன்று. அதன்மேல் பொன்மலை வேலாயுதசாமி கோயில். கீழே தக்காளிச் சந்தையும் தென்னந்தோப்புகளும். ஆனி, ஆடி மாதங்களில் அந்தக் குன்றின்மீது ஏறி மேற்கு முகமாக நின்று பார்த்தவர்கள் அந்தக் காற்றை மறக்கமாட்டார்கள். தோளில் கிடக்கும் துண்டை இறுகப் பற்றிக்கொள்ளாவிட்டால் அதைப் பல்லடத்தில் போய்த்தான் தேட வேண்டும் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

இந்தக் காற்று வரும் வழியைப் பூகோள வகுப்பில் நீங்கள் படித்திருப்பீர்கள். வடக்கே நீலகிரி; அதன் உச்சியாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலை, அந்த மலைத்தொகுதியில் ஆனைமுடி 2,695 மீட்டர். இவ்விரண்டு பெருஞ்சுவர்களுக்கும் நடுவே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத ஓர் இடைவெளி. அதுவே பாலக்காட்டுக் கணவாய். அரபிக்கடலிலிருந்து புறப்படும் தென்மேற்குப் பருவக்காற்று, மதகைக் கண்ட வெள்ளம்போல இந்த வாயிலில் புகுந்து பாய்கிறது. மழையில் பெரும்பங்கைக் கேரளத்துக்குக் கொடுத்துவிட்டு, நமக்குக் காற்றையும் இடையிடையே கொஞ்சம் சாரலையும் கொண்டு வருகிறது. இன்று பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டைப் பக்கங்களில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பது இதனால்தான். இன்னொன்றையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். இந்தக் காற்று நாள் முழுவதும் ஒரே வேகத்தில் வீசுவதன்று. விடியலில் அடங்கியிருக்கும். வெயில் ஏறி, சமவெளி சூடாகச் சூடாக, அதுவும் வலுக்கும்.

இந்தக் காற்றில் மிதிவண்டிப் பந்தயம் ஓடுவதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பந்தயம் என்றவுடன் ஐம்பது பேர் ஒன்றாகப் புறப்பட்டு, ஒருவரையொருவர் முந்திக்கொண்டு வரும் காட்சிதான் நம் கண்முன் நிற்கும். நான் சொல்ல வருவது வேறு வகை. அதைக் கடிகாரப் பந்தயம் என்று அழைக்கலாம். ஒவ்வொருவரும் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ இடைவெளி விட்டுத் தனித்தனியே புறப்படுவார்கள். மற்றொருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காற்றைத் தவிர்ப்பதற்கு விதியில் இடமில்லை. ஒருவன், ஒரு வண்டி, ஒரு சாலை, ஒரு கடிகாரம், அவ்வளவுதான்.

இந்த வகை பிறந்தது இங்கிலாந்தில். 1890களில் அங்கே சாலைகளில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டுவதைப் போலீசார் விரும்பவில்லை. குதிரை வண்டிகள் மிரண்டு விபத்துகள் நேர்ந்தன. தடை வந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தபோது, பிட்லேக் என்னும் மிதிவண்டி வீரர் வழி ஒன்று கண்டார். 1895ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் அவருடைய ஏற்பாட்டில் 50 மைல் பந்தயம் ஒன்று நடந்தது. ஓட்டுவோர் தனித்தனியே அனுப்பப்பட்டார்கள். பின்னாளில் இது மேலும் மறைவான கலையாயிற்று. விடியற்காலையில், உடல் முழுவதையும் மறைக்கும் கறுப்பு உடையில், வழியின் பெயரைக்கூட வெளிப்படையாகச் சொல்லாமல் குறியீட்டெண்ணால் குறித்துக்கொண்டு ஓட்டினார்கள். திருடர் கூட்டமோ என்று ஐயுறும்படி இருந்திருக்கும்! ஐரோப்பாவில் இதனை உண்மையின் பந்தயம் என்று சிறப்பித்துச் சொல்வார்கள். ஒளிவதற்கு இடமில்லை, யார்மீதும் பழிபோட வழியில்லை, கால்களில் உள்ள வலிமை அப்படியே வெளிப்பட்டுவிடும் என்பது அதன் பொருள்.

அது முழு உண்மைதானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அந்த ஐயம் வந்த கதையைச் சொல்கிறேன்.

1974ஆம் ஆண்டு ஜூலை மாதம். அப்போது நான் கணிதம் படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவன். கிணத்துக்கடவிலிருந்து பொள்ளாச்சித் திசையில் பத்துக் கிலோமீட்டர் சென்று, அதே வழியில் திரும்பி வரவேண்டும் என்று ஒரு கடிகாரப் பந்தயம் ஏற்பாடாயிற்று. இன்று அது நான்கு வழிச் சாலை. அன்று இருமருங்கும் மரங்கள் நின்ற குறுகிய சாலை. எங்கள் வண்டிகளும் பந்தய வண்டிகள் அல்ல. கல்லூரிக்கும் தோட்டத்துக்கும் ஓடிய அதே கறுப்பு வண்டி. மட்கார்டையும் கேரியரையும் டைனமோவையும் கழற்றிவிட்டால் அதுவே பந்தய வண்டி. இரும்பு ரிம், கம்பிப் பிரேக்.

காலை ஆறு மணிக்குத் தொடங்குவதாக அறிவித்திருந்தார்கள். தொடங்கிவைக்க வேண்டிய பெரியவர் வந்து சேர்ந்தது ஏழரைக்கு. இரண்டு நிமிட இடைவெளியில் முப்பத்தெட்டுப் பேர் புறப்பட வேண்டும். யார் எப்போது என்பதற்கு ஒரு தகர டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். எனக்கு வந்தது 34. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் புறப்பட வேண்டிய நேரம் 8 மணி 36 நிமிடம். முதலில் போனவர்கள் அசையாத இலைகளுக்கிடையே போனார்கள். நான் கோட்டில் நின்றபோது தென்னை மட்டைகள் எல்லாம் கிழக்கே திரும்பிச் சாய்ந்திருந்தன. மேற்கு வானம் கருத்திருந்தது.

எங்களுக்கு வண்டி பார்த்துக் கொடுத்தவர், வாடகைக்குச் சைக்கிள் விடும் கடைக்காரர் ஒருவர். பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதால் கேட்டே பழுது சொல்லக்கூடியவர். அவரிடம் நான் பொருமினேன்.

“ஏனுங்கண்ணா, முன்னால போனவிகளுக்கெல்லாம் காத்தே இல்லீங்க. எனக்கு மட்டும் இப்படிங்களா?”

அவர் என் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “காத்து உன்ற பேரக் கேட்டுட்டா கண்ணு வருது? போறப்பவே பல்லக் கடிச்சு மிதிச்சீன்னா வர்றப்ப காலு வராது. மழ வேற வரும்போல இருக்குது.” சொல்லிவிட்டு, இரண்டு டயர்களிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டார். கல்லைப்போல இருந்த டயர் சற்றே இளகியது. எனக்கு ஆத்திரம். ஆனால் சண்டை பிடிக்க நேரமில்லை.

இங்கே கதையை நிறுத்திவிட்டுச் சிறிது கணக்குப் பார்ப்போம்.

சமதளத்தில் விரைந்து செல்லும் மிதிவண்டியைத் தடுக்கும் எதிர்ப்பில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு காற்றினுடையது. எஞ்சியதுதான் டயரும் செயினும் அச்சும். அந்தக் காற்றெதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதை வெல்ல ஒவ்வொரு விநாடியும் செலவிட வேண்டிய ஆற்றல் எட்டு மடங்கு. ஆகவே, ஏற்கெனவே வேகமாகப் போகிறவன் இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும் என்று ஆசைப்பட்டால், அதற்குக் கொடுக்க வேண்டிய விலை மிகப் பெரிது.

போகும்போது எதிர்க்காற்று அடித்தால், வரும்போது அதுவே பின்காற்றாகி உதவும். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆவதில்லை. காற்றில்லாத நாளில் ஒருவன் மணிக்கு 30 கிலோமீட்டர் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கிலோமீட்டர் போய்வர 40 நிமிடம். இப்போது காற்று அவனைப் போகும்போது 20க்குக் குறைத்து, வரும்போது 40க்கு உயர்த்துகிறது. பத்துக் குறைந்தது, பத்துக் கூடியது. ஆனால் போக 30 நிமிடம், வர 15 நிமிடம்; ஆகமொத்தம் 45. ஐந்து நிமிடம் எங்கே போயிற்று? எதிர்க்காற்றில் அவன் அதிக நேரம் இருக்கிறான். பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறான். தொல்லை நீண்டது, உதவி குறுகியது. இதிலிருந்து ஒரு தந்திரமும் பிறக்கிறது. அதிக நேரம் செலவாகும் எதிர்க்காற்றில் வழக்கத்தைவிடச் சற்றே கூடுதலாக உழைக்க வேண்டும். பின்காற்றில் சற்றே ஓய வேண்டும். சற்றே என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தச் சொல்லைத்தான் அன்று நான் கோட்டைவிட்டேன்.

எங்கள் சாலையோ தெற்கு வடக்காகப் போவது. காற்று மேற்கிலிருந்து. பக்கக் காற்றுத்தானே, முன்னால் தடுக்காதே என்று தோன்றும். வெக்டர் படித்தவர்கள் தாளில் வரைந்து பார்க்கலாம். தெற்கே 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன்மீது மேற்கிலிருந்து 30 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், அவன் உணர்வது முன்னும் பக்கமுமாக, 45 பாகைச் சரிவில், 42 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரே காற்று. எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதன் முன்பக்கக் கூறு மட்டும் எடுத்தாலும் அமைதியான நாளைவிட ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது கூடிவிடுகிறது. பக்கத்திலிருந்து அடிக்கும் காற்றும் முன்னால் தடுக்கிறது. இது எனக்கு அன்று தெரியாது, கால்களுக்குத்தான் தெரிந்தது.

புறப்பட்டேன். கோபத்தோடு புறப்பட்டேன். முன்னால் போனவர்களுக்குக் கிடைத்த அமைதியை என் கால்களால் ஈடுகட்டிவிடலாம் என்ற எண்ணம். காற்று வலப்பக்கம் இருந்தது; நேராகப் போவதற்கே வண்டியை வலப்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே வீசும், மரத்துக்குப் பின்னால் அடங்கும், மறுபடி வீசும். அப்போது பின்னாலிருந்து ஒரு பேருந்து முந்தியது. நம் நாட்டில் வண்டிகள் வலப்புறமாக முந்துகின்றன அல்லவா? அந்தப் பேருந்து எனக்கும் காற்றுக்கும் நடுவே சுவராக வந்து நின்றது. சாய்ந்திருந்த நான், தாங்கியிருந்த காற்று திடீரென்று இல்லாமற்போகவே, பேருந்தின் பக்கமே விழப் போனேன். ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். நிமிர்ந்தேன், நிமிர்ந்த கணமே பேருந்து கடந்துவிட்டது. காற்று அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து ஒரே அறையாக அறைந்து என்னைச் சாலையோர மண்ணில் இறக்கியது. அதன் பிறகு பின்னால் வண்டிச் சத்தம் கேட்டாலே கைகள் இறுகிவிடும்.

திரும்பும் இடத்தில் ஒருவர் கொடியோடு நின்றிருந்தார். அதைச் சுற்றி வந்தபோது என் கால்களில் பாதி வலிமைதான் இருந்தது. முதற் பாதியிலேயே செலவழித்துவிட்டேன். அப்போது சாரல் பிடித்தது.

போகும்போது காற்று என்னைச் சாலை ஓரத்துக்குத் தள்ளியது. திரும்பும்போது இடப்பக்கத்திலிருந்து அடித்து, சாலையின் நடுவுக்கு, எதிரே வரும் லாரிகளை நோக்கித் தள்ளியது. போதாக்குறைக்கு ஈரம். நெடுநாள் காய்ந்த சாலையில் முதல் மழை விழும் சில நிமிடங்களே மிகக் கெட்டவை. அதுவரை படிந்திருந்த எண்ணெயும் புழுதியும் நீரில் குழைந்து சோப்புப்போல ஆகிவிடும். நல்ல மழை பெய்து கழுவிவிட்டால் ஓரளவு தேவலை. அங்கங்கே தேங்கிய நீரின் அடியில் பள்ளம் எவ்வளவு என்பது தெரியாது.

மூன்று கிலோமீட்டர் மீதி இருக்கும். தோட்டத்துத் தடத்திலிருந்து தக்காளிக் கூடைகள் ஏற்றிய கட்டைவண்டி ஒன்று மெல்லச் சாலைக்கு ஏறியது. பிரேக்கைப் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக்குக் கட்டை முதலில் நீரைத்தான் வழிக்கும். சக்கரம் சில சுற்றுச் சுற்றிய பிறகே சிறிது பிடிக்கும். அந்தச் சில சுற்றுகளுக்குள் கட்டைவண்டி அருகில் வந்துவிட்டது. இரண்டு கால்களையும் சாலையில் ஊன்றித் தேய்த்தேன். செருப்பின் அடி பிய்ந்தது. வண்டியின் பின்பலகைக்கு ஒரு சாண் முன்னால் நின்றேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, “ஏன் சாமி, இந்த மழைல என்ன அவசரம்?” என்றார். எனக்கு விடை தெரியவில்லை.

அதற்குமேல் நான் நிதானமாகவே மிதித்தேன். எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்தேன். பள்ளத்தைச் சுற்றிப் போனேன். அப்போது எனக்குப் பின்னால் புறப்பட்ட 36ஆம் எண் மாணவன் என்னைக் கடந்து போனான். ஈரத்தைக் கண்டதாகவே அவன் காட்டிக்கொள்ளவில்லை. இவன் விழத்தான் போகிறான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், விழுந்தால் என் முடிவு சரி என்றாகிவிடுமே என்றும் நினைத்தேன். அவன் விழவில்லை.

இப்படித் துணிந்தவர்கள் எல்லாரும் தப்புவதில்லை. 1995ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற பந்தயத்தின் தொடக்கமாக, செயின்ட் பிரியூக் நகரில் 7.3 கிலோமீட்டர்க் கடிகாரப் பந்தயம் மாலையில் நடந்தது. முந்திய ஆண்டு இதே தொடக்க ஓட்டத்தில் மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் வென்றவர் இங்கிலாந்தின் கிரிஸ் போர்டுமன். வலிமை மிக்கவர்களைக் கடைசியில் அனுப்புவது அங்கே மரபு. அன்று மரபு அவர்களுக்கு எதிராயிற்று. முன்னால் புறப்பட்டவர்கள் உலர்ந்த சாலையில் போனார்கள். பின்னால் வந்தவர்களுக்கு மழை. போர்டுமன் வேகத்தைக் குறைக்கவில்லை. இறக்கத்தில் ஒரு வளைவில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. முப்பதாண்டுப் பயிற்சியும் அந்த ஆண்டுப் பந்தயமும் அந்த வளைவோடு நின்றன என்று சொல்ல நினைத்தேன், ஆனால் அவருக்கு அப்போது வயதே இருபத்தாறு. அந்த ஆண்டுப் பந்தயம் மட்டும் நின்றது என்பதே சரி. வென்றவர், முன்னதாகப் புறப்பட்டிருந்த ஜாக்கி டுராண்ட் என்ற பிரெஞ்சுக்காரர். ஸ்பெயின் நாட்டு மிகேல் இந்துரைன் மழையில் அடக்கமாக ஓட்டினார். பட்டியலில் வெகு கீழே இருந்தார். மூன்று வாரம் கழித்து முழுப் பந்தயத்தையும் வென்றவர் அவர்தான். தொடர்ந்து ஐந்தாம் முறையாக.

இன்றைய வண்டிகளில் ஈரத்திலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. ஆனாலும் வழுக்கும் சாலை வழுக்கத்தான் செய்கிறது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 32.4 கிலோமீட்டர்க் கடிகாரப் பந்தயம் மழையில் நடந்தது. பெண்கள் பிரிவில் பலர் சறுக்கி விழுந்தார்கள். அமெரிக்காவின் குளோயி டைகர்ட் விழுந்தெழுந்து ஓட்டியும் வெண்கலம் பெற்றார். தங்கம் ஆஸ்திரேலியாவின் கிரேஸ் பிரவுனுக்கு. கூரையின்கீழ் ஓட்டினாலும் வானிலை விடுவதில்லை. 2015ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் இலண்டன் மாநகரில், மூடிய அரங்கில், பிராட்லி விக்கின்ஸ் ஒரு மணி நேரத்தில் 54.526 கிலோமீட்டர் ஓட்டி அந்நாளையச் சாதனையை முறியடித்தார். அன்று காற்றழுத்தம் உயர்ந்திருந்தது. அழுத்தம் கூடினால் காற்று அடர்த்தியாகும். அடர்ந்த காற்று அதிகம் தடுக்கும். வேறொரு நாளாயிருந்தால் இன்னும் சில நூறு மீட்டர் கிடைத்திருக்கலாம் என்பது வல்லுநர் கணக்கு.

கிணத்துக்கடவுக்குத் திரும்புவோம். என் நேரம் 49 நிமிடம். வென்றவன் 3ஆம் எண், 41 நிமிடம். என் இடம் பதினேழு. பரிசளிப்பு முடிந்ததும் கடைக்காரரிடம் போய், டயரில் காற்றை இறக்கியதால்தான் தோற்றேன் என்று சொல்லப் போனேன். அவர் என் பிய்ந்த செருப்பைப் பார்த்தார். “கல்லாட்ட டயர் இருந்திருந்தா அந்த வண்டிக்கிட்ட நீ வழுக்கி விழுந்திருப்ப கண்ணு” என்றார். இளகிய டயர் தரையோடு அதிகம் படிகிறது, குண்டு குழியில் துள்ளுவதும் குறைகிறது என்பதைப் பிற்பாடு புத்தகத்தில் படித்தேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நேரம் குறித்தவரிடம் கெஞ்சி முழுப் பட்டியலையும் எழுதி வாங்கி வந்திருந்தேன். ஒரு வரைபடத் தாளை எடுத்தேன். கிடைக்கோட்டில் புறப்பட்ட வரிசை எண். நிலைக்கோட்டில் எடுத்துக்கொண்ட நிமிடங்கள். முப்பத்தெட்டுப் புள்ளிகளும் இடமிருந்து வலமாக மேலே ஏறிக்கொண்டே போயின. முதல் பத்து இடங்களில் எட்டுப் பேர், முதலில் புறப்பட்ட பதினைந்து பேருக்குள் இருந்தார்கள். அந்த ஏற்றம் காற்றின் கையெழுத்து. புள்ளிகளுக்கு நடுவே பொதுவாக ஒரு கோடு இழுத்தேன். கோட்டுக்குக் கீழே இருப்பவன் தனக்குக் கிடைத்த காற்றைவிட நன்றாக ஓட்டியவன். மேலே இருப்பவன் அதைவிடக் குறைவாக ஓட்டியவன்.

கோப்பை வாங்கிய 3ஆம் எண்ணின் புள்ளி கோட்டின்மேலேயே கிடந்தது. எல்லாரையும்விடக் கோட்டுக்கு வெகு கீழே நின்றது 36ஆம் எண். என் புள்ளி கோட்டுக்குச் சிறிது மேலே இருந்தது.